பருந்திலிருந்து நாற்காலிக்கு

"இன்னா தம்பி, கண்ணைக் கட்டிக்கினு பொண்டாட்டியைத் தூக்கற?"

ஓலை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கைருன் பீவி கேட்டேவிட்டாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

மணலில் மல்லாந்து படுத்திருந்த சாலமன் கண்ணில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கவில்லை. மேலே நீட்டிய அவன் இரண்டு பாதங்களிலும் இடுப்பைப் பதித்து, கைகளை விரித்து, அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தாள் செசிலியா.

"இந்த நிலைக்குப் பேரு பருந்து, அக்கா. இதுலேர்ந்து அப்படியே திரும்பி என் காலு மேல உக்காரணும். அது நாற்காலி."

"நான் கேட்டது துணியை."

"அது சும்மா. ஒரு பழக்கத்துக்கு."

செசிலியா திரும்பினாள். பாதியில் இடுப்பு வழுக்கி, தொப்பென்று மணலில் விழுந்தாள்.

"இன்னொரு தபா," என்றாள், மணலைத் தட்டிக்கொண்டே.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். இருவரும் சர்க்கஸ்காரர்கள். செசிலியாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பழவேற்காட்டில் சாலமனின் நைனா விட்டுப்போன வீட்டுக்கு வந்து இருந்தார்கள். இப்போது கம்பெனி கூடூரில் கொட்டகை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டுத்தான் சேர்த்துக்கொள்வேன் என்று மானேஜர் கோபால் கார்டு போட்டிருந்தார்.

தண்ணீர் எடுப்பது, மீன் கழுவுவது, சமைப்பது எல்லாம் சாலமன்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் செசிலியா அவன் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடப்பாள். கொடுத்து வைத்தவள் என்று தெருப் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

கைருனுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அந்தத் துண்டுதான் மனசை அரித்தது. கூடை முடைய உட்கார்ந்தால் கை ஓலையில் இருக்கும், கண் வேலிச் சந்தில் இருக்கும். சில நாள் துண்டு இல்லாமல் செய்தார்கள், சில நாள் கட்டிக்கொண்டு. துண்டை அவிழ்த்த கையோடு வெயிலில் எழுந்த சாலமன் ஒருநாள் வாளியை இடறிக் கவிழ்த்துவிட்டு, கண்ணைக் கசக்கியபடி வேலியைத் தடவி நின்றான்.

புதன்கிழமை அவன் குரல் தாழ்வாகக் கேட்டது.

"கண்ணு விஷயம் மட்டும் மானேஜருக்குத் தெரிஞ்சுது, நம்ம பொழப்பு அவ்ளோதான்."

கைருனுக்குத் திக்கென்றது. கண் தெரியாதவன் காலின் மேலா இந்தப் பெண் ஏறி நிற்கிறாள்?

மறுநாள் அவன் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து வேலியோரம் வந்தாள்.

"செசிலியா, அவன் அப்படித் தூக்கறப்ப உனக்கு பயமா இல்லியா?"

செசிலியா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"நிலையா நிக்கிறது யாருக்கும் வரும்க்கா. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறப்பதான் குலுங்கும், அங்கதான் ஜனங்க சிரிப்பாங்க. அந்த நேரத்துல கண்ணால இன்னா பிரயோசனம்? அவரு கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்துவாரு. நான் மூச்சை வுட்டுட்டுத் திரும்புவேன்."

"தப்பிப் போச்சுனா?"

"தப்பக்கூடாதுனுதானே தெனம் இங்க மணல்ல வுழறேன்."

அன்று முழுக்க கைருனுக்கு வேலை ஓடவில்லை. கொட்டகையில் மணல் மெத்தென்று இருக்குமா? மேலிருந்து தலைகுப்புற விழுந்தால்? மானேஜரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பிழைப்பு போனால் போகட்டும், உயிர் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை கோபால் வந்தார். உட்காரக் கைருன்தான் வேலிக்கு மேலாக நாற்காலி கொடுத்தாள். அவரும் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, பக்கத்து வீடுதானே? இவங்க தெனம் பழகறாங்களா, நான் வரேன்னு இன்னிக்கு மட்டும் ஆடறாங்களா?"

கைருன் வாயைத் திறப்பதற்குள் சாலமன் செசிலியாவின் கையை உயர்த்திப் பிடித்து, ராஜா ராணி மாதிரி மணலுக்கு நடத்தி வந்தான். அவன் கண்ணில் துண்டு இல்லை. படுத்தான். அவள் சாய்ந்தாள். பருந்து எழுந்தது.

கைருன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சாலமனின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. செசிலியா திரும்பினாள். எங்கே பருந்து முடிந்தது, எங்கே நாற்காலி தொடங்கியது என்று கைருனுக்குத் தெரியவே இல்லை. ஏரியில் படகு திரும்புவது மாதிரி ஒரே ஓட்டம். நாற்காலியிலிருந்து எழுந்து அவன் பாதங்களிலேயே நின்றாள், மறுபடி பருந்தானாள், மண்ணில் இறங்கினாள்.

"தெனம் ரெண்டு வேளை சார்," என்றாள் கைருன். சொல்ல நினைத்தது அதுவல்ல. வாயில் வந்தது அதுதான்.

"திங்கக்கிழமை கூடூர் வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு கோபால் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் கைருன் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"தம்பி, உன் கண்ணைப் பத்தி அவர்கிட்ட நான் வாயைத் தொறக்கல. ஆனா மனசு கேக்கல. கூடூர் போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல டாக்டர்கிட்ட உன் கண்ணைக் காட்டிடுப்பா."

"என் கண்ணா? எனக்கு நல்லாத்தானே தெரியுது!"

"அப்ப எதுக்குத் துணி கட்டின?"

சாலமன் தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் காய்ச்சல்ல செசிலியாவுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சுக்கா. இருட்டுல திரும்பறவளுக்கு என் காலு இன்னா சொல்லணும்னு, நானும் இருட்டுல கிடந்து பாத்தாதானே தெரியும்?"