வேலை செய்யாத வரி

பால் பண்ணைக் கணினிக்குள் வர முடியாமல் புது மென்பொருள் வாசலிலேயே நின்றது. உள்ளே ஒரு பழைய ஸ்கிரிப்ட், சில வரிகளே கொண்ட சின்ன நிரல், இருந்தது. தொட்டியில் பால் சூடேறினால் மணி அடிப்பது அதன் வேலை. அது பேசும் மொழி புதுசுக்குத் தெரியாது; புதுசு உள்ளே வந்தால் அது ஓடாது.

"அது ஒண்ணுக்காக நான் எத்தனை நாள் வெளியே நிக்கறது?" என்றது புதுசு.

"போன கோடையில கூலிங் மெஷின் நின்னுபோச்சு. யாருமே கவனிக்கல. அந்தப் பழசுதான் மணி அடிச்சு பாலைக் காப்பாத்துச்சு. அதை ஊமையாக்கிட்டு உன்னை எப்படி உள்ளே விடறது?" என்றது கணினி.

பழசு சிரித்தது. "என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே. என் வரிகளை நான் படிக்கறேன், புதுசு தன் மொழியில எழுதிக்கட்டும். மணி அடிச்சாப் போதும். நான்தான் அடிக்கணும்னு இல்ல."

பழசு வரிவரியாகப் படித்தது. எழுதிக்கொண்டே வந்த புதுசு கடைசி வரியில் நின்றது.

"இந்த வரி எந்த வேலையும் செய்யலையே?"

"செய்யாது. என்னை எழுதின பொண்ணோட பேரு அது, கோமளவல்லி. எழுதாம விட்டுடு."

மறுவாரம் பால் சூடேறியதும், உள்ளே வந்திருந்த புதுசு மணி அடித்தது. புதுசின் முதல் வரியில் கோமளவல்லியின் பெயர் இருந்தது. அதன் கீழே பழசின் பெயர். இரண்டு வரிகளும் எந்த வேலையும் செய்யவில்லை.