பாதித் தையல்

எனக்குப் புரையேறி உள்ளே போனது குண்டூசி. குண்டூசிக்கு ஏது காது என்று நினைத்துக்கொண்டாள் தையற்காரி. நுரையீரலுக்குள் குழாய்விட்டு எடுத்த படத்தில் இருந்த ஊசிக்குக் காது இருந்தது. அதில் நூலும் கோத்திருந்தது.

"வாயில கவ்வாதேன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்றான் கணவன்.

"முன்னாடி நெஞ்சுல ஆபரேஷன் ஏதாவது நடந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு இதுதான் முதல் ஆஸ்பத்திரி."

டாக்டர் போன வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். நுரையீரலில் ஒரு கிழிசல். அதன் ஓரங்களைச் சேர்த்துப் பொடித்தையல் ஓடியிருந்தது. போன வாரம் அது கால்வாசிதான். இப்போது பாதியைத் தாண்டிவிட்டது. அவளுக்கு இருமலும் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஊசி உள்ள இருந்தா உயிருக்கே ஆபத்து. நாளைக்கே எடுத்துடலாம். கையெழுத்து போடும்மா."

கணவன் அவள் கையில் பேனாவைத் திணித்தான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் அவசரமில்லாத தையல். அவளுக்குக்கூட அவ்வளவு சீராக வராது. மூச்சை இழுத்தபோது உள்ளே நூல் மெல்ல இறுகுவது தெரிந்தது.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"வேண்டாம் டாக்டர். பாதியில உருவினா எல்லாம் பிரிஞ்சுடும். தைக்கறவங்க முடிக்கட்டும்."