திகதி இல்லாத வீடுகள்

"மிஸ்டர் கிருஷ்ணராசா, இப்ப நாலே முக்கால். ஐஞ்சுக்குள்ள எனக்கு ஒரு முடிவு வேணும்."

தக்ஷிகா வழக்குக் கோப்பை மேசையில் போட்ட வேகத்தில், அடுக்கியிருந்த போன் கார்டுகள் சரிந்தன.

லண்டன் நோர்பரியில் அந்தச் சின்னக் கடைக்குள் இருந்துதான் கிருஷ்ணராசா இன்டர்நெட் தமிழ் டிவி நடத்தினார். கவுன்சில் மாடிக்கட்டடங்களின் கூரையில் பெட்டி வைத்து, வீடுவீடாக வயர் இழுத்திருந்தார். அதற்கு வீட்டுக்கு இவ்வளவென்று கவுன்சிலுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். நாற்பது வீடுகளுக்கு ஆறு மாதமாகக் கட்டவில்லை.

கடிதம் போட்டுக் களைத்த கவுன்சில், விஷயத்தை வெளியே ஒரு சட்ட நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. நிறுவனம், தமிழ் தெரிந்த பிள்ளை என்று தக்ஷிகாவை அனுப்பியது. தனியாக அவள் கைக்கு வந்த முதல் வழக்கு. வெறுங்கையோடு திரும்ப அவளுக்கு மனமில்லை.

"சனம் காசு தரேல்லை, பிள்ளை."

வேலைக்கு வந்த இடத்தில் என்ன 'பிள்ளை'? அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"தராத வீட்டு வயரை வெட்டியிருக்கலாமே?"

"ஏலாது."

"அப்ப லிஸ்டைத் தாங்கோ. நாங்களே அவையளுக்குக் கடிதம் போடுறம்."

"அதுவும் ஏலாது."

சனத்திடம் வாங்கி விழுங்கிவிட்டு, சனத்தின் மேலேயே பழியைப் போடுகிறார் என்று தக்ஷிகா முடிவு கட்டிவிட்டாள். அம்மா வீட்டிலும் இவருடைய டிவிதான். மாதம் பிறந்ததும் அதற்கான காசை அவள்தான் அம்மா கையில் கொடுப்பாள்.

"எங்கட அம்மாவே ஒழுங்காக் கட்டுறா. எனக்குத் தெரியும்," என்றாள் சுள்ளென்று.

கிருஷ்ணராசா அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் கிடந்த நீலக் கணக்குக் கொப்பியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முழுக்க என்ர பேரில எழுதுங்கோ. கையெழுத்து வைக்கிறன். என்ர வான் வண்டியை வித்தெண்டாலும் கட்டுறன்."

"வானை விக்கத் துணிஞ்ச ஆளுக்குக் கொப்பியைக் காட்ட என்ன பயம்? ஐஞ்சு மணிக்கு நான் போன் எடுத்தால், நாளைக்குக் கூரைப் பெட்டியைக் கழட்டுவினம். எல்லா வீட்டிலயும் டிவி நிக்கும்."

"எல்லா வீட்டிலயுமோ?"

"ஓம். எல்லா வீட்டிலயும்."

அவர் கொப்பியை அவள் பக்கம் தள்ளினார்.

வீட்டிலக்கம், பெயர், திகதி. ஒவ்வொரு வரியும் சிவப்பு மையில் வெட்டியிருந்தது.

"இதென்ன திகதி?"

"வன்னிச் சண்டையில ஆக்களைப் பறிகுடுத்த வீடுகள். செத்தவீட்டில முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியுமட்டும் நாங்கள் காசு கேக்கிறேல்லையே. செத்த திகதியில இருந்து எண்ணி, முப்பத்தொண்டு கழிச்சுத்தான் போவன்."

"சண்டை மே மாதத்தோட முடிஞ்சுது. இப்ப ஒக்டோபர். இன்னும் முப்பத்தொண்டு முடியேல்லையோ?"

"திகதி உள்ள வீடெல்லாம் கட்டிப்போட்டுது. மற்றப் பக்கத்தைப் பாருங்கோ."

மற்றப் பக்கத்தில் இலக்கமும் பெயரும் மட்டும் இருந்தன. திகதிக்கு விட்ட இடம் கீழ்வரை வெறுமையாகக் கிடந்தது.

"இருக்கினமோ இல்லையோ எண்டே தெரியாத வீடுகள், பிள்ளை. இரவுபகலா டிவிச் செய்தியில முகம் தேடுதுகள். நாளே தெரியாட்டி முப்பத்தொண்டை எங்கயிருந்து எண்ணுறது?"

தக்ஷிகா விரலைக் கீழே ஓட்டினாள். பதினாலாம் இலக்கத்தில் விரல் நின்றது.

சிவனேஸ்வரி. அவளுடைய அம்மா.

"இது பிழை. மாமா வவுனியா முகாமில சுகமா இருக்கிறார். அம்மா கதைச்சவ."

"உங்களுக்குப் படிப்புச் சோதினை நேரம் எண்டு அப்பிடிச் சொன்னவ. பிறகு வேலை கிடைச்ச சந்தோசத்தைக் குழப்பக்கூடாதெண்டு விட்டிட்டா. டிவி பூட்டப் போகேக்க அவவின்ர சுவரில உங்கட படம் பாத்தனான். அதுதான் கொப்பியைத் தரேல்லை."

"அப்ப நான் குடுக்கிற காசு, அங்கிள்?"

அவர் சரிந்து கிடந்த போன் கார்டுகளைக் காட்டினார். "இதைத்தான் வாங்குறா. வவுனியாவில கிடைக்கிற நம்பருக்கெல்லாம் எடுத்து, தம்பியைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

இங்கே நுழைந்ததிலிருந்து தான் பேசியதை நினைக்கத் தக்ஷிகாவுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தாக இரண்டு நிமிடம். போனை எடுத்து மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பெட்டியைக் கழற்ற வேண்டாம். இவர்களுக்கு முப்பத்தொரு நாள் தவணை கொடுப்போம்."

"முப்பத்தொன்றா? சரி, குறித்துக்கொள்கிறேன்," என்றார் அவர். "எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது?"