ஒரு சாட்சி போதும்

மேற்கே, மேகத்தின் கிழிசலில், மெல்லிய வளைவு ஒன்று யூசுப்பின் கண்ணில் பட்டது.

சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

பூந்தமல்லியில், பள்ளிவாசல் மொட்டை மாடியில் முப்பது பேர் பிறை தேடிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருக்கும் அது தென்பட்டதாகத் தெரியவில்லை.

வளைவு அவனுக்குப் புதிதில்லை. எட்டு மாதமாகச் சுவரில், சோற்றுத் தட்டில், மகள் ஜோயாவின் முகத்தில்கூட வெள்ளி வளைவுகள் மினுங்கின. பார்வையெங்கும் புள்ளிகள் கொதித்தன. கண்ணை மூடினாலும் இரண்டும் விடவில்லை. அம்பத்தூர் லேத் பட்டறை வேலை அதனால்தான் போனது.

கண் டாக்டர் ஒரு குறையுமில்லை என்றார். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மூளையில் சேதி கடத்தும் ரசாயனம் தாறுமாறாகியிருக்கலாம், ஏன் என்று தெரியவில்லை என்று சொல்லி நரம்பு டாக்டர் மாத்திரை எழுதினார்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. மனைவி ஷம்ஷாத் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் அண்ணன் நஜீர் சொல்லியே விட்டார்: உடம்பு வணங்காதவன் போடும் நாடகம்.

ஒருவராவது என்னை நம்பட்டும். ஐந்து வேளைத் தொழுகையிலும் யூசுப் கேட்டது அது ஒன்றைத்தான்.

நிமிர்ந்தான். வளைவு அங்கேயே இருந்தது. கண்களை இறுக மூடினான்.

புள்ளிகள் கொதித்தன. அந்த வளைவு இல்லை.

திறந்தான். இருந்தது. பார்வையை நகர்த்தினான். அது கூடவே வரவில்லை.

மூன்று முறை சோதித்தான். இது நிஜப் பிறைதான். ரம்ஜான் நோன்பைத் தொடங்க, நம்பத்தகுந்த ஒருவரின் சாட்சி போதும்.

"ஹஜ்ரத், அதோ பிறை" என்று இமாமைக் கூப்பிட்டுக் கை நீட்டினான்.

எல்லோரும் திரும்புவதற்குள் மேகம் கிழிசலைத் தைத்துவிட்டது.

இமாம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சத்தியம் செய்வாயா என்று கேட்க வாயெடுத்தார்.

நஜீர் குறுக்கே வந்தார். "வேணாம் ஹஜ்ரத். மச்சானுக்கு மூளையில கெமிக்கல் கோளாறு. டாக்டரே சொல்லிகீறாரு. இல்லாததெல்லாம் கண்ணுல தெரியும், பாவம்."

மாடியே யூசுப்பை இரக்கத்தோடு பார்த்தது. மேற்கே பார்க்க ஒருவருமில்லை.

நஜீர் அவன் தோளை அணைத்துப் படிக்கட்டுக்கு நடத்திப் போனார். யூசுப் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் டேங்குக்கு மேலே மேகம் விலகியிருந்தது. நகக்கீறலாகப் பிறை நின்றது.

மறுபடி நீளப் போன கையை நஜீர் பிடித்துக்கொண்டார்.

"நாடகம்னு சொன்னது என் தப்பு மச்சான். இனிமே உன்ன நம்பறேன்."