மழலைக்கு முப்பத்தெட்டு

மொழி ஆய்வகத்துக்கு வந்த புது மென்பொருளைத் தலைமையாசிரியர் வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார். "நாப்பது பிள்ளைங்களுக்கும் ஒரே குரல். லீவு கேக்காது, தொண்டை கட்டாது, உச்சரிப்புக்குக் கையோட மார்க்கும் போட்டுடும். நீங்களே சொல்லிப் பாருங்க டீச்சர்."

தமிழ் டீச்சர் ஹெட்ஃபோனை மாட்டினார். காதில் ஒரு பெண் குரல் கணீரென்று சொன்னது: "மழலை."

டீச்சருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. பிறகு அவரும் சொன்னார். போன மாதம் கட்டிய பல்செட்டில் நாக்கு இடித்தது. திரையில் நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று வந்தது. மறுபடி சொன்னார். முப்பத்தொன்று. பின்வரிசைப் பிள்ளைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ழகரமே வரலையே டீச்சர். பிள்ளைங்க எப்படி உருப்படும்? அடுத்த வாரத்துலருந்து நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க. க்ளாஸை இது பாத்துக்கும்."

டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தார்.

தலைமையாசிரியர் அதைக் காதில் வைத்துச் சொக்கிப்போனார். "என்ன குரல், என்ன சுத்தம். இந்தம்மா மாதிரி ஒருத்தர் நமக்கு டீச்சரா வாய்க்கலையே."

"வாய்ச்சுதான் சார் இருக்கேன், பதினாறு வருஷமா. அந்தக் கம்பெனிக்கு இதைப் பேசிக் குடுத்தப்ப எனக்குச் சொந்தப் பல் இருந்துச்சு, அவ்வளவுதான்."