மூன்று அங்குலம்

"ஏனப்பா தனபாலு, நாலு சக்கரமும் இழுக்குற காருன்னாலும் அடிவயிறு பாறையில இடிக்குமே?" என்றார் பொன்னன்.

"ஸ்பிரிங்குக்கு மேல இரும்புக் கட்டை வெச்சு மூணு அங்குலம் தூக்கியிருக்கேனுங்கண்ணா. கம்முனு வாங்க."

பின்னிருக்கையில் அதிகாரி கோப்புடன் அமர்ந்திருந்தார். முன்பு வந்த இரண்டு அதிகாரிகளும் வண்டியின் அடி பாறையில் தட்டியதால் பாதி வழியிலேயே திரும்பிவிட்டனர். மலைமேல் திண்ணனூர் நாடு எனப்படும் ஊர்த்தொகுதியின் அந்தக் கடைசி ஊரை இவரும் பார்வையிடாமல் போனால், 1998இல் ஊரார் கொடுத்த மனு தள்ளுபடியாகிவிடும்.

பாறை நெருங்கியது. பொன்னன் கண்களை இறுக மூடிக்கொண்டார். பழைய சின்னக் கார் ஒருபுறம் சாய்ந்தது, முனகியது, பின்பு மெல்ல ஏறி இறங்கியது. அடியில் ஒரு கல்கூட உரசவில்லை.

"அய்யாவுக்கு ஒண்ணும் அலுங்கலீங்களே?" என்று தனபால் பெருமிதத்துடன் கேட்டான்.

"இல்லப்பா. சொகுசாத்தான் இருந்துச்சு."

ஊர் முகப்பில் மக்கள் திரண்டு நின்றனர். அதிகாரி இறங்கினார், சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், காரின் முன்பக்கத்தில் கோப்பை விரித்து எழுதினார். பொன்னன் ஆவலோடு எட்டிப் படித்தார்.

'சிறிய கார் தடையின்றி ஊர்வரை வந்து சேர்கிறது. ஆகவே, மனுவில் கோரியுள்ள சாலை தேவையில்லை.'