நுழையாத தகடு

"சாப்பாடு ஆறிப்போனா பரவால்ல, எஞ்சின் ஆறாம தொடக் கூடாது" என்பார் மெக்கானிக். சூட்டில் வால்வுத் தண்டு நீளும், அதற்கு மேலே விட்ட இடைவெளி சுருங்கும். அந்த அளவை நம்பினால் ரேஸ் வண்டி காலை வாரிவிடும்.

தன் தம்பி ஓட்டிப்போய் விழுந்து செத்த ரேஸ் பைக்கின் எஞ்சினை, விற்பதற்காகத்தான் பிரித்துக் கட்டினார். வால்வுகளை அழுத்தித் திறக்கும் கேம்ஷாஃப்டைக் குறிக்கு நேராக உட்கார வைத்தார். அதன் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு வழுக்கிக்கொண்டு போய்வந்தது. திருப்தியாகச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் தகடு நுழையவே இல்லை. ஓட்டி நிறுத்திய எஞ்சினில்தான் இப்படி இறுகும். இதில் ஆயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. மறுபடி சரிசெய்தார். காலையில் மறுபடி அதே இறுக்கம். யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

அன்றைக்குத் தம்பியின் மனைவி பட்டறைக்கு வந்தாள்.

"விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன் மாமா."

எஞ்சின் மேல் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் நிறுத்துனீங்களா?"

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேம்மா."

அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. அவர் அதே இடத்தில் தன் கையை வைத்தார். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"உங்க தம்பி வீட்டுக்கு வந்து வண்டிய நிறுத்துனதும் இப்படித்தான் சுடும்," என்றவள், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.